சூசையம்மாள் போடும் முடிச்சு

நூல் முதலில் தண்ணீர்ச் சட்டிக்குள் போகிறது. கட்டைவிரல் அதை வெளியே இழுத்து, உறையில் செருகிய கத்தியின் மேல் மூன்று சுற்றுச் சுற்றுகிறது. ஒரு வளையம், அதனுள் இன்னொரு வளையம், வெடுக்கென்று ஓர் இழுப்பு. நனைந்த நூல் காயக் காய முடிச்சு இறுகும். மீந்த நூலை அந்தக் கைகள் இதற்கு முன் வந்த கத்தியோடு பிணைத்துக் கூடைக்குள் இறக்குகின்றன.

"உள்ள போ. காலத் தொடச்சிக்கினு போ. போன வாட்டி ஒருத்தன் மீன் செதிலோட ஆட வந்து நாலு பேர வழுக்கி வுட்டான்."

பழவேற்காட்டில், கோட்டைக்கு வடக்கே ஏரிக்கரை மணலில் இருக்கிறது தானியேலின் ஆட்டக் கொட்டகை. தரைக்கு உடைந்த கப்பலின் பலகைகள், கூரைக்குப் பனையோலை. சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் பிடிலும் மத்தளமும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். சாராயமும் சுருட்டும் வறுத்த இறாலும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை வாசலைத் தாண்டி வரும். ஒல்லாந்துக் கப்பல்காரர்கள், கோட்டைச் சிப்பாய்கள், சாயப்பட்டறை ஆட்கள், வலை காயப்போட்டுவிட்டு வந்த குப்பத்து இளவட்டங்கள் என்று எல்லாரும் ஒரே பலகையில் குதிப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இடுப்புக் கத்தியைச் சூசையம்மாளிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சூசையம்மாளுக்கு ஊர் தோணிரேவு. ஐம்பதைத் தொட்ட வயது. பகலில் கிழிந்த வலை பொத்துவது பிழைப்பு. சனிக்கிழமைகளில் இந்த வாசல். கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பலகை அதிர்வதை வைத்தே சொல்லிவிடுவார். "தூணாண்ட ஆடறவன் தாளம் தப்பறான். பொஞ்சாதியோட சண்ட போட்டுட்டு வந்துகீறான்." விசாரித்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். முடிச்சை அவிழ்த்தால் கத்தி உன்னுடையது. அவிழ்க்க முடியவில்லையா, நீ தெளியவில்லை; மணலில் படுத்துத் தூங்கு, விடிந்ததும் அவரே அவிழ்த்துத் தருவார். இதற்காகவே இரண்டு கூடைகள். கப்பல்காரர்களின் கத்திக்கு வலை முடிச்சு. குப்பத்துக்காரர்களின் கத்திக்கு, பாய்மரம் கட்டும் கிழவன் ஒருவனிடம் கேட்டுக் கற்ற கப்பல் முடிச்சு. "அவனவன் முடிச்ச அவனவனுக்குப் போட்டா, தூக்கத்துலயே அவுத்துட மாட்டானா?" என்பார்.

மழைக்கு முன் ஒரு நாள் எவனோ மடியில் மறைத்துக் கொண்டுவந்த கத்தியால் ஒரு சிப்பாய்க்குத் தோளில் வெட்டு விழுந்தது. இன்னொரு முறை ரத்தம் விழுந்தால் கொட்டகையைப் பிரித்துவிடுவோம் என்று கோட்டையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்று முதல் தானியேலுக்குத் தூக்கம் இல்லை. சூசையம்மாளுக்கு வேறு கவலை. "அவன் வேற கடை போட்டுப்பான். நானு எங்க போய் இந்த சத்தத்தக் கேக்கறது?"

போன சனிக்கிழமை அவர் ஒரு தவறு செய்தார். விளக்கேற்றும் நேரத்தில், எல்லாருக்கும் முன்பாக ஒருவன் வந்தான். நீல மேற்சட்டை, பித்தளைப் பொத்தான், கண் வரை இழுத்துவிட்ட தொப்பி. வாயைத் திறக்காமல் கத்தியை நீட்டினான். கப்பல்காரன் என்று நினைத்து வலை முடிச்சைப் போட்டு, கப்பல் கூடையின் அடியில் வைத்துவிட்டார்.

விடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் உள்ளே பிடில் சட்டென்று நின்றது. யான் என்கிற ஒல்லாந்துக் கப்பல் தச்சன் அந்த நீலச் சட்டையின் கழுத்தைப் பிடித்திருந்தான். "திருடன்! பீட்டர் சட்டை!" என்று கன்னத்தில் அறைந்தான்.

"இன்னாடா சொன்னே? யாரு திருடன்?"

குரலைக் கேட்டதும் சூசையம்மாள் தலையில் கை வைத்தார். குப்பத்துச் சின்னதம்பி! "வலை கட்றவனுக்கு வலை முடிச்சப் போட்டுட்டனே."

அதற்குள் அவன் கூடை முன்னால் வந்து நின்றான். "எக்கா, என் கத்திய எடு."

"எடுத்துக்கோ. யாரு வாணான்னா? நீ முதல்ல வந்தே, உன்து அடியில கீது. மேல கீற பதினொண்ண அவுத்துக்கினே வா."

"நீ அவுத்துக் குடு."

"என் கை கட்டி வுடற கை. நீதான் பெரிய துரையாச்சே, அவு."

அடியைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் சிக்கிக்கொள்ளும். அது வலைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்னதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் கத்தியை அவிழ்த்ததும் சூசையம்மாள் கையை நீட்டி வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் பலகையில் வைத்தார். இரண்டாவதையும் அப்படியே. நூல் நன்றாகக் காய்ந்திருந்தது, நகம் நுழையவில்லை.

"சொக்கா ஏதுடா?" என்று கேட்டார்.

"கோட்டையில ஏலம் வுட்டாங்க. செத்தவன் சாமானாம். ஆட்டத்துக்குன்னு எடுத்தேன்."

"கேட்டியா தச்சா? ஏலத்துல எடுத்ததாம். உன் சிநேகிதன் பீட்டர் சாமான ஏலம் வுடலியா?"

யான் வாசல்தூணில் சாய்ந்து நின்றிருந்தான். தானியேல் ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் ஊற்றியிருந்தார். முடியிலிருந்து நீர் சொட்ட, தலையை மட்டும் ஆட்டினான். கேள்விப்பட்டிருக்கிறான் போல.

ஆறாவது கத்தி வந்தது. ஏழாவதும் வந்தது. பிறகு சின்னதம்பி நிமிராமலே கேட்டான்.

"எப்டி செத்தான்?"

"காய்ச்சல்" என்றான் யான். தனக்குத் தெரிந்த தமிழைத் தேடி எடுத்தான். "பீட்டர் நல்லா ஆடுவான். உன்ன மாதிரி இல்ல."

மத்தளக்காரர் முதலில் சிரித்துவிட்டார். சூசையம்மாளும் சிரித்தார். "அது மெய்தான். பலகை எனக்கு அப்பவே சொல்லிச்சி."

"எக்கா, நீ வேற" என்றான் சின்னதம்பி. ஆனால் விரல்கள் இப்போது முடிச்சைப் பிய்க்கவில்லை. நூலின் போக்கைப் பார்த்துத் தளர்த்தின.

கிழக்கே ஏரி வெளுத்தது. மணலில் படுத்திருந்த கப்பல்காரர்கள் எழுந்துவந்து பலகையிலிருந்து தத்தம் கத்தியை வாங்கிக்கொண்டு படகுக்குப் போனார்கள். கூடையில் இரண்டு மிச்சம். அடியில் கிடந்தது சின்னதம்பியுடையது. மேலே இருந்தது, அன்று அவனுக்கு அடுத்து வந்த யானுடையது. சின்னதம்பி அதன் முடிச்சை அவிழ்த்தான். உறை கழன்று, வெறும் கத்தி கையோடு வந்தது.

தானியேல் சூசையம்மாளைப் பார்த்தார். பத்து முறை நீண்ட அந்தக் கை இந்த முறை நீளவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இருவருக்கும் நடுவில் வழி விட்டார்.

சின்னதம்பி கத்தியை ஒருமுறை பார்த்தான். அதை உறையில் செருகினான். பிடி தச்சன் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டினான்.