டைலருக்குக் கொண்டுபோன பாட்டுத்தட்டு

என் மூத்த பேத்தி மீனா நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் டாக்டர். எங்கள் குடும்பத்தின் இந்த இணையப் பக்கத்தை நடத்துவதும் அவள்தான். கடைசிப் பேரன் கதிர் ஸ்பெல்லிங் போட்டியில் கோப்பை வாங்கினான். நடுப் பேரன் செந்தில் சான் ஹோசேயில் சிப் கம்பெனி இன்ஜினியர், போன வருஷம் கிரீன் கார்டும் வந்துவிட்டது. இந்தப் பயணம் அவனுக்காக. இரண்டாயிரமாம் ஆண்டு, ஏப்ரல் மாதம்.

அவன் கட்டிக்கொள்ள நினைத்த பெண் ஜெனி. "பையன் வீட்டு ஆளைப் பார்க்காமல் பேச்சே இல்லை" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. என் மகனும் மருமகளும் ஊரில் இல்லை, சான் ஹோசேயிலிருந்து வந்த செந்திலோடு நான்தான் காரில் புறப்பட்டேன்.

டெக்சாஸில் எங்கள் வீடு இருக்கிற ரிச்சர்ட்சனிலிருந்து ஜெனியின் ஊரான டைலர் ஏறக்குறைய நூறு மைல். இருபதாம் நம்பர் ஃப்ரீவே, இரண்டு மணி நேரம். வெறுங்கையோடு போகலாமா? ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுத்தட்டு, பழையது ஒன்று, ஜெனியின் அப்பா வைத்திருந்தாராம்; வெயிலில் வளைந்து போயிற்றாம். அதே தட்டைச் செந்தில் டாலஸில் பழைய சாமான் கடையில் பதினெட்டு டாலருக்குப் பிடித்திருந்தான்.

வழியில் டெரல் பக்கம் அவன் பெட்ரோல் போட இறங்கினான். நான் மஞ்சளைக் குழைத்துத் தட்டின் மேலட்டையில் நாலு மூலையிலும் வைத்துக் குங்குமம் இட்டேன். அட்டைப் படத்தில் பாடுகிற அம்மாள் நெற்றி வெறுமையாக இருந்தது, அங்கேயும் ஒன்று.

"அப்பத்தா! என்ன பண்ணிட்டீங்க? அவரு கவரைத்தான் மொதல்ல பார்ப்பாரு!"

"பார்க்கட்டுமே சாமி. பொண்ணு வீட்டுக்கு மொட்டையாவா குடுக்கறது?"

டிஷ்யூ வைத்துத் துடைத்தான். மஞ்சள் அந்த அம்மாளின் கன்னம் வரை இறங்கிவிட்டது.

ஜெனியின் அப்பா ஆறடிக்கு மேல். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆண் பாடகரைக் காட்டி ஏதோ கேட்டார். "இவருக்கு ஏன் வைக்கலைன்னு கேட்கறார்" என்றான் செந்தில்.

"தொப்பி மறைக்குதுன்னு சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. தட்டை ஓடவிட்டார். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் குத்திக்காட்டுகிற பாட்டு. ஆண் குரலோடு அவர் பாட, சமையலறையில் குழாயை மூடாமலே அவர் மனைவி பெண் குரலைப் பிடித்துக்கொண்டார். தட்டு நின்றதும் ஜெனியின் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: செந்திலும் ஜெனியும் சண்டை போட்டால் நீங்கள் யார் பக்கம்?

"ரெண்டு பேருக்கும் சோத்தைப் போட்டுட்டு நான் கோயிலுக்குப் போயிருவேன்."

செந்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஜெனியின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தட்டை உறையில் போட்டபடி சொன்னதைச் செந்தில் எனக்குச் சொன்னான்: "கவர் போச்சு, தட்டு நல்லாருக்குன்னு சொல்றாரு. அக்டோபர்ல கல்யாணம் வெச்சுக்கலாமாம், அப்பத்தா."

போகிறவர்களுக்கு: டெரலைத் தாண்டினால் சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். பழைய தட்டு கொடுப்பதானால் மேலே பிளாஸ்டிக் உறை போட்டுப் பொட்டு வையுங்கள்.

மீனா, பக்கத்தின் மேலே செந்தில் தனியாக நிற்கிற படத்தை எடுத்துவிடு. டைலர் வீட்டு வாசலில் ஜெனியோடு நிற்பதை அனுப்பியிருக்கிறேன், அதைப் போடு. கல்யாணம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.