சேணக்காரர் ஜோனைத் தேடிய மூன்று மாதம்

இறந்துபோனவர்களின் தாய் தகப்பனைத் தேடிப் பிடித்து, உயிரோடு இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் எங்கள் தொழில். விசாவுக்கு ஹோம் ஒபிஸ் கேட்ட பிறப்புச் சான்றிதழுக்காக அலைந்து களைத்த உங்களுக்கு இந்த வேலையின் பாடு விளங்கும். வித்தியாசம் ஒன்றுதான்: நாங்கள் தேடுகிற ஆள் இருநூறு வருடத்துக்கு முந்தியவர்.

எண்பத்தொன்பதில் நான் பட்டம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள். லண்டனில் வம்சாவளி தேடிக்கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம், பிழை விட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று முதலாளி மிஸ்டர் ஹோப் முதல் நாளே சொல்லிவிட்டார்.

இந்த ஜோனின் கதையை நான் நேராக அறியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மகனுக்குச் சொன்னது, மகன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லி, வழிவழியாக அமெரிக்காவில் மிஸிஸ் வீலர் என்ற அம்மையாரிடம் வந்து, அவர் கடிதமாக எழுதியதை மிஸ்டர் ஹோப் என் மேசையில் போட்டார். ஜோன் லண்டனில் பிறந்தவராம். குதிரைச் சேணம் தைப்பவராம். இளவயதில் கப்பலேறிப் போய், அமெரிக்க விடுதலைப் போரில் இங்கிலாந்து அரசனுக்கு எதிராகத் துவக்கு எடுத்தவராம். அவருடைய கல்லறைக் கல் தேய்ந்துவிட்டது. புதுக் கல்லில் அவருடைய தாய் தகப்பன் பெயரையும் வெட்டவேண்டும். அந்தப் பெயர்களைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

அரசனை எதிர்த்துச் சுட்டவர்

கடிதத்தை வாசித்ததும் அதை மேசையில் கவிழ்த்து வைத்தேன். துவக்கு எடுத்தவனின் தாய் தகப்பன் பெயரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் ஒரு துண்டுக் கடதாசியில் அகப்பட்டாலே வீட்டுக்கு ஆமி வரும். இங்கே அதை நானே தேடி, தட்டச்சடித்து, முத்திரை ஒட்டி அனுப்பவேண்டும். அதுவும் அவர் எதிர்த்துச் சுட்ட அரசனின் தலைநகரத்தில் இருந்துகொண்டு.

பக்கத்து மேசையில் ரெஜினா அக்கா. மன்னார்க் கத்தோலிக்கர், ஈஸ்ட் ஹாமிலிருந்து வருவார். தேவாலயப் பதிவேடுகளோடு பத்து வருடம் பழகியவர். "அக்கா, இதுக்குப் பொலிசிட்டச் சொல்லவேணுமோ?" என்று மெல்லக் கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பயப்பிடாதை பிள்ளை. இந்த ஆமி இனி அந்த வீட்டுக்கு வராது."

தகப்பனும் சேணம் தைப்பவர்

லண்டனில் தேவாலயங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றின் பதிவுகளுக்கும் பெயர் வரிசையில் தட்டச்சடித்த அட்டவணை இருக்கும். அதைத்தான் முதலில் பார்ப்போம். ஏழாவது கிழமை ஜோன் அகப்பட்டார். நவம்பரில் ஞானஸ்நானம். தகப்பன் தோமஸ், சேணம் தைப்பவர். தாய் ஆன். அடுத்த பக்கத்தில், அதே ஆண்டு பெப்ரவரியில், அதே பெயரில் ஓர் அடக்கமும் இருந்தது. நவம்பரில் ஞானஸ்நானம் பெறப்போகும் பிள்ளையைப் பெப்ரவரியிலேயே புதைக்க முடியுமா? அது வேறு யாரோ ஜோன் என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அறிக்கையை அனுப்பினேன்.

மிஸிஸ் வீலரின் பதில் நான்கு பக்கம். ஒவ்வொரு காலையும் ஜெபத்தில் தோமஸ், ஆன் இருவரையும் குழந்தை ஜோனையும் நினைப்பதாக எழுதியிருந்தார். மிஸ்டர் ஹோப் அதை எல்லோருக்கும் கேட்க உரத்து வாசித்தார். அன்றைக்கு நான் ரெய்னர்ஸ் லேனில் அண்ணையின் வீட்டுக்கு ரயிலில் போகவில்லை, பறந்து போனேன். கடிதத்தின் கடைசி வரி இது:

"எங்கள் கல்வெட்டுபவர் கெட்டிக்காரர், வெட்டிய எழுத்தை இதுவரை ஒருதரம்கூட அழித்ததில்லை."

மாசிக்குப் பிறகு

சோதனைக் காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. வேறொருவருக்காக அதே தேவாலயத்தின் அசல் பதிவேட்டை மைக்ரோபிலிமில் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பருக்குக் கீழே ஜனவரி, அதன் கீழே பெப்ரவரி. ஆண்டு மட்டும் மாறவில்லை. "அக்கா, எழுதினவர் குடிச்சுப்போட்டு எழுதினவரோ?" என்று கேட்டேன். "இல்லையடி. அந்தக் காலத்தில இவங்களுக்கு மார்ச் கடைசியிலதான் புதுவருசம்" என்றார் ரெஜினா அக்கா, தலை நிமிராமலே.

பிலிமைச் சுற்றினேன். அந்தப் பெப்ரவரி அடக்கம் வந்தது: ஜோன், சேணம் தைக்கும் தோமஸின் மகன், குழந்தை. அப்படியென்றால் அந்தப் பெப்ரவரி நவம்பருக்கு முந்தியதல்ல, பிந்தியது. நான் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த போர்வீரர் மூன்று மாதத்தில் இறந்துபோன பிள்ளை. ரெஜினா அக்கா எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டார்.

"தை, மாசி, பங்குனி முடியத்தானே உங்களுக்கும் வருசம் பிறக்கிறது? சைவப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித் தரவேணுமோ?"

தொலைபேசி

உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அறிக்கை போய்விட்டது. திரும்ப யாரும் பார்க்கப்போவதில்லை. வேலை போனால் அண்ணையின் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் ஒரு மனிதரின் தலைமாட்டில், அவருக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்ற இருவர் தாய் தகப்பனாக என்றென்றைக்கும் நிற்பார்கள். அதுவும் என்னால். பிலிமைத் தூக்கிக்கொண்டு மிஸ்டர் ஹோப்பின் அறைக்குப் போனேன்.

அவர் இரண்டு தரம் பார்த்தார். அமெரிக்காவுக்கு எண்ணைச் சுழற்றி, தொலைபேசியை என் கையில் தந்தார். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன் என்று ரெஜினா அக்கா பிறகு சொன்னார். தகப்பன் பெயரும் தாய் பெயரும் பிள்ளையின் பெயரும் வெட்டி முடிந்துவிட்டன என்றார் மிஸிஸ் வீலர். பிறகு கேட்டார்:

"அப்படியென்றால் இத்தனை நாளும் நான் யாருடைய குழந்தைக்காக ஜெபித்தேன்?"

வெள்ளிக்கிழமை

மேசையை ஒதுக்கி, என் கோப்பையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். மிஸ்டர் ஹோப் சொன்னார்:

"இன்னும் மூன்று மாதம் சோதனைக் காலம். இதை நானாகக் கண்டுபிடித்திருந்தால் உங்களுக்கு இன்று கடைசி நாள்."

மறுபக்கம்

போர்வீரர் ஜோனின் சொந்தத் தாய் தகப்பனை அதன்பின்பும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதையும் உள்ளபடியே எழுதினேன். இரண்டு மாதம் கழித்து மிஸிஸ் வீலரிடமிருந்து ஒரு படம் வந்தது. கல்லைத் திருப்பி நாட்டி, முன்னுக்கு வந்த வெற்றுப் பக்கத்தில் 'ஜோன், சேணம் தைப்பவர், போர்வீரர்' என்று மட்டும் வெட்டுவித்திருந்தார். பின்பக்கத்தை உளியால் கொத்தி அழிக்கட்டுமா என்று கல்வெட்டுபவர் கேட்டாராம். தான் சொன்ன பதிலை மிஸிஸ் வீலர் படத்தின் முதுகில் எழுதியிருந்தார்:

"வேண்டாம், பிள்ளை அங்கேயே இருக்கட்டும். எனக்கு அவன் பழகிவிட்டான்."

தொண்ணூற்றொன்றில் ஒரு சனிக்கிழமை அந்த லண்டன் தேவாலயத்தைத் தேடிப் போனேன். தேவாலயமே இல்லை, அது இருந்த வளவில் கார்கள் நின்றன. கல்லறைகளை அகற்றுமுன் கற்களில் இருந்ததையெல்லாம் எழுதிவைத்த பட்டியல் ஒன்று பதிவகத்தில் இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் பார்த்தேன். தோமஸும் இல்லை, ஆனும் இல்லை, அவர்களுடைய ஜோனும் இல்லை.

ஆக, இந்தத் தொழிலில் நான் முதன்முதலாகக் கல்லில் ஏற்றி வைத்தது, ஒருவரும் தேடித் தரச் சொல்லாத ஒரு மூன்று மாதக் குழந்தையின் பெயரை.