எண்பதில் நின்ற முள்

வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கும்போதும் அந்த பைக் எண்பதில் போய்க்கொண்டிருந்தது. மீட்டரின் முள் பதினோரு வருடமாக அங்கேயே சிக்கிக் கிடந்தது. அப்பா லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் மூன்று மில்லிமீட்டர் பிசகாமல் தளத்தோடு தளம் சேர்த்து நிறுத்தியவருக்கு, சொந்த வண்டியின் முள்ளைப் பார்க்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் தூங்கும்போதும் எண்பதுலதான் போறார்" என்று அம்மா ஒருநாள் சொன்னதைத் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயரே எண்பதுதான்.

"என்ன எண்பது, காத்து அடிக்கணுமா?"

"அடிங்க. பறக்கப் போறேன்."

உண்மையில் அவர் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுவார். "நாள் முழுக்கக் கயித்துல தொங்குறவனுக்கு ரோட்டுல என்ன அவசரம்?" என்பார். மாலை ஆறு நாற்பதுக்குத் தெரு திரும்பும் இடத்தில் கியர் இறங்கும். பிறகு கேட் திறக்கும்.

ஒரு மாலை ஆறு பத்துக்கு, குறுக்குச் சந்திலிருந்து நிற்காமல் வந்த லாரி அவரை அடித்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

மூன்றாவது வாரம், சமைத்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

"யாரும்மா?" என்றாள் மகள்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

கடிகாரத்தில் ஆறு நாற்பது. மறுநாளும் அதே நேரம், அதே கதவு.

மகளுக்குத் தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலை. ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். மூன்றாம் நாள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. போனில் பதிவு செய்து, திரையில் ஒலியின் அலைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அம்மா தாழ்ப்பாளை இழுத்த இடத்தில் மட்டும் ஒரு மேடு. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் மெதுவாகப் பேசுகிற மனிதர். விபத்து நடந்த இடத்தில் போலீஸ் எடுத்த படத்தை நீட்டினார். நொறுங்கிய விளக்கு, கோணிய முன்சக்கரம், எண்பதில் முள். லாரியின் மேல் தப்பில்லை, இவர்தான் கண்மண் தெரியாமல் வந்தார் என்றார். அன்று டியூப் வாங்கப் போன இடத்தில் விபத்தை நேரில் பார்த்த பஞ்சர் கடைக்காரர் இவர்களுக்காகத்தான் சாட்சி சொல்ல வந்திருந்தார்.

"இறந்தவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"எண்பதுன்னு... அது சும்மா தமாஷுக்குங்க, அந்த முள்ளு..."

"போதும். உட்காருங்க."

வெளியே வந்ததும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "என் வாயாலயே மாட்டிவிட்டுட்டேன் பாப்பா."

இவர்களுடைய வக்கீலம்மா ஒளித்துப் பேசவில்லை. "தொகை குறையும், அது ஒரு பக்கம். அவர் சாவுக்கு அவரே காரணம்னு தீர்ப்புல ஒரு வரி நிக்கும்."

"தொகை எப்படியோ போகட்டும். அந்த வரி வரக்கூடாது" என்றாள் அம்மா.

முள் சிக்கியதுதான் என்று காட்டிவிட்டால் போதும். மகள் மனுப் போட்டு, வண்டியைச் சோதிக்க அனுமதி வாங்கினாள். போலீஸ் நிலையத்தின் பின்பக்கம் சக்கரக் கம்பிகளுக்கிடையே புல் முளைத்திருந்தது. வாகன ஆய்வாளரும் இரண்டு வக்கீல்களும் குனிந்து பார்த்தார்கள். முள் எண்பதில்தான் நின்றது.

"பாருங்க சார், அசையாது" என்று விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

முள் சத்தமில்லாமல் பூஜ்யத்தில் விழுந்தது.

முள் அசைகிறது என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பதினோரு வருடம் மேடு பள்ளத்திலும் லாரி அடித்தபோதும் அசையாத முள். 'மீட்டரைத் தட்டாதே, தட்டினா உனக்குப் பிடிச்சதைச் சொல்லும்' என்பார் அப்பா. அவளுக்குப் பிடித்ததைக்கூட அது சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. ஆறு நாற்பதுக்குப் போய்க் கதவைத் திறந்து, வெறும் தெருவைப் பார்த்தபடி, "மனுஷன் போட்டோவுலகூட எண்பதுலதான் போவார்" என்றாள்.

மகள் எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

மீட்டர் தெரியும் படங்கள் பதினான்கு கிடைத்தன. தரையில் தேதி வாரியாக அடுக்கினாள். அப்பாவின் முடி நரைத்துக்கொண்டே வந்தது. வாசல் சுவரின் நிறம் இரண்டு முறை மாறியது. வண்டி எல்லாப் படத்திலும் நின்றுகொண்டிருந்தது, முள் எல்லாப் படத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தை நோக்கி அது பதினோரு வருடம் போயிருந்ததுபோல் இருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் படங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அவள் வேலையில் சேர்ந்த நாளின் படம்தான் தெளிவாக இருந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அப்பா, கையில் வண்டிச் சாவி. முள் எண்பதில்.

நீதிபதி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்சூரன்ஸ் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் இல்லை என்றார். லாரிதான் முழுக் காரணம் என்று தீர்ப்பாயிற்று. அந்த வரி வரவில்லை.

வழக்கு முடிந்ததும் வண்டியை விடுவித்தார்கள். சின்ன லோடு வண்டியில் ஏற்றி வந்து வாசலில் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். அம்மா துணியால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

"இங்க வா. வந்து பாரு."

முள் எண்பதில் இருந்தது.

"உள்ள இருக்கிற ஸ்ப்ரிங் துருப்பிடிச்சிருக்கும்மா. முள்ளு ஒரே இடத்துல தேஞ்சு போயிருக்கும். வர்ற வழியில குலுங்கினதுல திரும்ப அங்கேயே போய் மாட்டியிருக்கு." சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனாலும் இந்த முறை அவள் கண்ணாடியைத் தட்டவில்லை.

மாலை அம்மா அடுப்படியில் இருந்தாள். ஆறு நாற்பது ஆனது. அம்மா எழவில்லை.

"இன்னைக்குச் சத்தம் கேக்கலையாம்மா?"

"இல்லையே. வண்டிதான் வீட்டுக்கு வந்துடுச்சே."

தெருவின் தூரத்து முனையிலிருந்து ஒரு எஞ்சின் சீராக வந்துகொண்டிருந்ததை மகள் ஒரு நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் இடத்தில் கியர் இறங்கியது. அவளுடைய காது தானாகவே வேகத்தைக் கணக்கிட்டது. முப்பத்தைந்து. அதற்கு மேல் இல்லை.