ஐம்பத்திரண்டு என்று எழுதவிருந்த கை

வாசகரே, உங்களை நடுவர் நாற்காலியில் அமரச் சொல்லமாட்டேன். நடுவர் என்றால் இரண்டு தரப்பையும் கேட்கவேண்டும். அன்று அந்த அறையில் ஒரு தரப்புதான் பேசியது. சாட்சியாக மட்டும் இருங்கள். ஆடி மாதத்தில் ஒரு முற்பகல், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் மருத்துவரின் முன்னால், என் தம்பிக்காக நான் வாதாடினேன், வென்றேன். வென்றது இரண்டு கிலோ எடை.

என் தம்பி குதிரைப் பந்தய ஜாக்கி. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. எங்கள் அப்பா பட்டாளத்துக்காரர். தம்பியும் பட்டாளத்துக்கே போவான் என்று வீட்டில் பேச்சு. ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனை, உயரத்துக்கேற்ற எடை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சென்னையில் குதிரை லாயத்தில் வேலைபார்த்த உறவினர் ஒருவர், "இந்த உடம்புக்குத் துப்பாக்கி எதுக்கு? குதிரைதான் லாயக்கு" என்று அழைத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது பலித்தது. பயிற்சியை முடித்தான், சில பந்தயங்களில் வென்றான். பிறகு, இருபது வயதில், அவன் உடம்பு அவனைக் கேட்காமலேயே வளரத் தொடங்கியது. தோள் அகன்றது. எலும்பு கனத்தது.

ஒவ்வொரு பந்தயத்திலும் ஒவ்வொரு குதிரைக்கும் இவ்வளவு சுமை என்று விதித்திருப்பார்கள். ஆளும் சேணமும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. இலேசான ஜாக்கியைப் பயிற்சியாளர்கள் தேடி வருவார்கள். கனத்தவனுக்குக் குதிரை கிடைக்காது. அதனால் பையன்கள் பட்டினி கிடந்து செத்துவிடக்கூடாது என்று, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு மருத்துவச் சோதனை வைத்திருந்தார்கள். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தபின், இந்த எடைக்குக் கீழே இவர் இறங்கினால் உடம்புக்குக் கேடு என்று மருத்துவர் ஓர் எண்ணை எழுதவேண்டும். அந்த எண்ணுக்குக் கீழான சவாரி எதுவும் அவனுக்குத் தரப்படாது. பதிவுபெற்ற எந்த மருத்துவரும் எழுதித் தரலாம். அதற்காகத்தான் தம்பி ஊருக்கு வந்திருந்தான்.

வந்த நாளிலிருந்து கண்மாய்க்கரையில் ஓடினான். உச்சி வெயிலில், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு. லாயத்துக்குத் திரும்பும் நாளில் எடை கூடியிருக்கக்கூடாது, அதற்கு வியர்வையாக எடை இறங்கவேண்டும் என்பது கணக்கு. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் அவனை விடவில்லை.

"ஏலே, எங்கலே மழை பெய்யுது? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லு, வெதைப்போம்ல!"

அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கமாட்டான். ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரையும்வரை சுவரில் சாய்ந்திருப்பான். அம்மா பேண்டேஜ் துணி மடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்தவள் தட்டோடு அவன்முன் உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் வாங்கிக்கய்யா. ஒரு வாய்ச் சோத்துல எம்புட்டு ஏறிரப் போவுது?"

"ஏறும்மா. தராசு ஒன்னய மாதிரி பொய் சொல்லாது."

"நீ பேசாம இரும்மா," என்று நான் குறுக்கிட்டேன். "சாதிக்கப் பொறந்தவன் வயித்தப் பாக்கக் கூடாது."

அதைச் சொன்னபோது என் தட்டில் மூன்றாவது தோசை இருந்தது. அம்மா என் தட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கல்லூரியிலும் கோயில் விழாக்களிலும் பேசிப் பரிசு வாங்கி வந்தவன் நான். எங்கள் வீட்டில் என் வாக்கியங்களுக்கு மறுவாக்கியம் கிடையாது.

மருத்துவரிடம் நானும் உடன் போனேன். அம்மாதான் அனுப்பினாள். "அவன் வாயில்லாப் பூச்சி. நீ கூடப் போயி எடுத்துச் சொல்லு" என்றாள். என்ன எடுத்துச் சொல்லவேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மருத்துவர் நிதானமானவர். தம்பியை எடைபார்க்கும் எந்திரத்தில் நிறுத்தினார். புறங்கையில் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, அது அமரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அது உடனே அமரவில்லை.

"காலையிலேர்ந்து தண்ணி குடிச்சீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "ஒரு ஐஸ் துண்டு, டாக்டர்" என்றான்.

"நாப்பத்தொன்பது காட்டுது. இது உங்க எடை இல்ல தம்பி. தண்ணியப் பிழிஞ்சு எடுத்துட்டு மிச்சம் இருக்கிற எடை. நான் ஐம்பத்திரண்டுன்னு எழுதப்போறேன். அதுக்குக் கீழ நீங்க குதிரை ஏறக் கூடாது."

தம்பி நீளமாக ஒரு மூச்சு விட்டான். தோள்கள் தாழ்ந்தன. சாட்சியாக இருப்பவர்கள் அந்த மூச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அதை ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேடைப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது இது: எதிர்த்தரப்பு சொன்னதை முழுமனதோடு ஒப்புக்கொள், அவர்கள் காவலைத் தளர்த்தும் நேரத்தில் அதையே திருப்பு. நான் அப்படியே செய்தேன்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, டாக்டர். உங்க அக்கறைக்குக் கை எடுத்துக் கும்பிடுறேன். ஆனா ஐம்பத்திரண்டுன்னு எழுதிட்டீங்கன்னா, அவனுக்கு ஏறக் குதிரை இருக்காது. பட்டாளத்துல எடை பத்தலன்னு வெரட்டினாங்க. இங்க எடை கூடன்னு வெரட்டினா, இவன் எந்தத் தராசுல போய் நிக்கிறது?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "மேடையில பேசுவீங்களோ?"

"இன்னிக்குச் சாயங்காலம் இங்கதான் டாக்டர், பட்டிமன்றம்."

"நல்லாத்தான் பேசுறீங்க. ஐம்பதும் எல்லைக்குள்ளதான் வருது. ஆனா விளிம்பு." பேனாவை எடுத்தவர் எழுதாமல் தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்க உடம்பு தம்பி. நீங்க சொல்லுங்க. ஐம்பதுன்னா தாங்குவீங்களா?"

தம்பி வாயைத் திறந்தான்.

"தாங்குவான், டாக்டர்," என்றேன் நான். "அவன் வைராக்கியக்காரன்."

திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். மருத்துவர் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு ஐம்பது என்று எழுதி, ஒரு மாதத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து காட்டவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவன் போகவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

அன்று மாலைப் பட்டிமன்றத் தலைப்பு, வெற்றிக்கு வேண்டியது திறமையா வைராக்கியமா என்பது. நான் வைராக்கியத்தின் பக்கம். தேர்த்திருவிழாக் கூட்டம் திரண்டிருந்தது. நேரம் முடிந்ததென்று நடுவர் மணி அடித்தபிறகும், எழுதிவைத்திருந்த முடிவுரையை விட்டுவிட்டு, தராசுக்கும் தம்பிக்கும் நடந்த கதையைச் சொன்னேன். "அந்த வைராக்கியம் இதோ இந்தக் கூட்டத்தில் நிற்கிறது" என்று கைநீட்டினேன். அவன் கூச்சத்தோடு எழுந்து கும்பிட்டான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நடுவர் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும் வழியில் பால்கோவா வாங்கி அவன் கையில் கொடுத்தேன். பொட்டலத்தை மூக்கருகே வைத்து ஒருமுறை முகர்ந்துவிட்டு என்னிடமே தந்தான்.

"நல்லாப் பேசுனண்ணே" என்றான். இராஜபாளையம் வருவதற்குள் பொட்டலத்தை நான் காலி செய்திருந்தேன்.

புரட்டாசியில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில் தம்பி குதிரையிலிருந்து விழுந்துவிட்டான். குதிரை இடறவில்லை, யாரும் குறுக்கே வரவில்லை. ஓட்டத்தின் நடுவே அவனுக்குக் கண் இருட்டியிருக்கிறது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. உடம்பில் நீர் வற்றிப்போய் சிறுநீரகம் களைத்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அவன் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். மறுபடி முழுச் சோதனை செய்து, புதிதாக எண் எழுதி வாங்கினால்தான் குதிரை ஏறமுடியும்.

வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வீட்டுக்கு அழைத்துவந்தோம். அம்மா கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"நாளு பூரா இந்தத் துணியத்தான் மடிக்கேன். யாரு பெத்த பிள்ளைக்கோன்னு நெனச்சுக்கிட்டுத்தானே மடிச்சேன்."

அவளே இட்லியைப் பிய்த்து ஊட்டினாள். அவன் மறுக்காமல் வாங்கிக்கொண்டான். இன்னொன்று வேண்டும் என்று கேட்டான். அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

அம்மா உள்ளே போனதும், "ஏலே, உண்மையச் சொல்லு," என்றேன். "அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப நீ என்ன சொல்ல வந்த?"

"இப்ப எதுக்குண்ணே அது?"

"சொல்லுலே."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அவிய ஐம்பத்திரண்டு மாதிரி கூட்டி எழுதிருவாகன்னுதான் நான் போனதே. பட்டினி கெடக்க ஏலாதுன்னு நானாச் சொன்னா, டிரெயினரு சோம்பேறிம்பாரு. டாக்டரு எழுதிட்டா யாரு என்ன சொல்ல முடியும்? கூட எடை வச்ச குதிரையும் நாலு இருக்கும்லா. கெடைச்சதுல ஏறிட்டு, பொறவு ரெண்டு இட்லி நிம்மதியாத் தின்னுருப்பேன்." சற்று நிறுத்தி, சிரிப்பதற்கு முயன்றான். "நீ நல்லாப் பேசிட்டண்ணே. எனக்கே செத்த நேரம் சரின்னு பட்டுருச்சு."

அவன் என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அன்பில் செய்தேன் என்றிருப்பேன். உன் எதிர்காலத்துக்காக என்றிருப்பேன். அவற்றை அழகாகச் சொல்லவும் எனக்குத் தெரியும். அவன் குற்றம் சாட்டவில்லை. நான் எதிர்த்தரப்பென்று நினைத்து மடக்கியது மருத்துவரை. தோற்றுப்போய் அமர்ந்திருந்தவன் என் பக்கத்து நாற்காலியில் இருந்தான். அவன் மூச்சுவிட்டது என் காதில் விழுந்தது. தோள் தாழ்ந்ததை என் கண்ணால் கண்டேன். அடுத்த வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

கட்டுப் பிரித்து, உடம்பு தேறியபிறகு, போன வாரம் மூவரும் அதே மருத்துவரிடம் போனோம். வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். தம்பி காலையில் பொங்கல் சாப்பிட்டிருந்தான். கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. முகத்தில் பயமும் இருந்தது. குதிரையை விடவும் அவனுக்கு மனமில்லை, பழைய பட்டினிக்குத் திரும்பவும் உடம்பில் தெம்பில்லை. உள்ளே எழுதப்படும் எண்தான் அவனுக்கு வழி.

செவிலியர் அழைத்தார். அம்மா என் முழங்கையைத் தட்டினாள்.

"நீயும் போய்யா. அவனுக்குப் பேச வராது."

நான் எழுந்தேன், பழக்கத்தில் தொண்டையைக்கூடச் செருமிவிட்டேன். தம்பி திரும்பிப் பார்த்தான்.

"மணி அடிச்சாச்சுண்ணே," என்றான். "உக்காரு."

பெஞ்சில் இருந்த நோயாளிகள் எங்களைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே, அம்மாவுக்கும் அவனுக்கும் அந்த வராந்தாவுக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னேன்:

"நீ தனியாப் போலே. அவிய எழுதுற எண்ணு எதுவா இருந்தாலும் அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் பேசமாட்டேன். குதிரையே வேண்டாம்னு நீ சொல்லிட்டு வந்தாலும் ஏன்னு கேக்கமாட்டேன். ஒன்னையப் பாத்துக் கேக்குற கேள்விக்கு இனி ஒருநாளும் நான் பதில் சொல்லமாட்டேன்."