அக்கா உரக்கப் படித்த பெயர்

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரைச் சிற்றூரில், ஒரு சித்திரை வெள்ளியன்று பிறந்தவர் எங்கள் அக்கா. பள்ளி முடிக்குமுன் தாயை இழந்தார். எனக்குச் சோறு வடித்துப் போட்டுக்கொண்டே சட்டம் படித்தார். சட்டமன்றத்துக்குப் போனதும், வேளாண்மை, நுகர்வோர் நலக் குழுவில் இடம் கேட்டு வாங்கினார். அவர் நற்குணங்களை இந்த நினைவு மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். உதவியாளனாக அவரோடு போய் நாள் கிழமை குறித்து வைத்தவன், தம்பியான நான். "அந்தச் செவ்வாயை விட்டுடாதே" என்று அக்கா சொல்லிப் போனதால் அதை எழுதுகிறேன்.

அது ஐப்பசி மாதச் செவ்வாய். மழை விட்டிருந்தது. குழு எங்கள் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்வையிட வந்தது. விவசாயிகளின் குறுவை நெல் சாலையோரம் முளைத்துக் கிடக்க, ஒரு வியாபாரியின் வெளியூர் நெல் மட்டும் லாரி லாரியாக உள்ளே போகிறது என்று ஒரு விவசாயி மனு கொடுத்திருந்தார். சென்னையில் குழு கூடும்போது மனுவை மனுதாரர் பெயரோடு படிப்பது வழக்கம். அதே பழக்கத்தில் அக்கா களத்தின் நடுவே நின்று, அவர் பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாவற்றையும் உரக்கப் படித்துவிட்டார்.

அங்கேயே நின்றிருந்த அந்த வியாபாரி சிரித்தார். "யாருன்னுதான் தேடிக்கிட்டிருந்தோம். அம்மாவே சொல்லிட்டாங்க. இருந்து காபி சாப்பிட்டுப் போங்க."

எங்கள் கார் கடைத்தெருவைத் தாண்டுமுன் தொலைபேசி வந்தது. திரும்பினோம். மனு கொடுத்தவரை வியாபாரியின் ஆட்கள் மூட்டை தூக்கும் கொக்கியால் அடித்திருந்தார்கள். அவருடைய இடது கண் போயிருந்தது. முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது. சொந்த நெற்குவியலில் முகத்தை அழுத்தி மிதித்திருந்தார்கள். வாயிலிருந்து முளைநெல்லை நான் விரலால் தோண்டி எடுத்தேன்.

அவர் மனைவி அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். "படிச்ச வாய்தானே, இப்பப் பேசு!" எங்களோடு வந்த காவலர் அவரைத் தடுக்கப் பாய்ந்தார். "விடுங்க, அடிக்கட்டும்" என்றார் அக்கா.

அதற்குள் அடியாட்கள் மண்வெட்டிக் காம்புகளோடு மறுபடி வந்தார்கள். அக்கா அந்த விவசாயியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். விழுந்த அடியில் அக்காவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த வலி கடைசி நாள் வரை இருந்தது.

அந்த விவசாயி சாட்சி சொல்லாவிட்டால் குழுவின் அறிக்கையில் ஒன்றுமே நிற்காது. ஆனால் அக்காவைப் பார்க்கவே அவர் மறுத்துவிட்டார். அக்கா குழுவோடு சண்டையிட்டு, சாட்சிகளின் பெயருக்குப் பதில் எண், மூடிய அறை என்று முறையை மாற்ற வைத்தார். மாசியில் அவர் வந்தார்.

"இங்க சத்தமாப் படிக்க மாட்டீங்களே?"

"மாட்டேங்க."

பிறகே பேசினார். லாரிகள் நின்றன. அடித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். மன்னிப்பைப் பற்றி அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்காவைக் கடைசிவரை கவனித்த தஞ்சாவூர் மருத்துவர்கள், செவிலியர், அக்கம்பக்கத்தார் அனைவரின் பெயரையும் நன்றியோடு கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அக்காவின் பாடைக்குத் தோள் கொடுத்த அந்த விவசாயியிடமும், பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அடிச்சவனுங்க வெளிய வந்து ஊர்லதான் இருக்கானுங்க தம்பி. வேணாம்." பிறகு, "கேட்டீங்களே, அது போதும்" என்றார்.

அச்சிடாத அந்தப் பெயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.