இருட்டில் கேட்ட இரண்டு டிரம்கள்

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலை ஒரு கிளினிக் இருக்கு. என்னோடை வாறீங்களா?"

மகள் இப்படிக் கேட்டபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன். கிளினிக்கா? என்ன வருத்தத்துக்கு? எனக்குச் சொல்லாமல் எத்தனை நாளாக? அதுவும் ஏன் கொழும்பின் அந்தக் கோடியிலிருக்கிற கொட்டாஞ்சேனை... இங்கே வெள்ளவத்தையில் இல்லாத டொக்டரா?

"டிரம் கிளினிக் அம்மா," என்றாள் தாரணி. சிரிக்கவில்லை. என் பயங்களைப் பார்த்துச் சிரிப்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

விஷயம் இதுதான். அனுபவமுள்ள ஒரு டிரம் கலைஞர் மேடையிலிருந்து வாசித்துக் காட்டுவார். எதை ஏன் அப்படி வாசிக்கிறார் என்று விளக்குவார். கேள்வி கேட்கலாம். துணிவிருந்தால் மேடையேறி அவரோடு சேர்ந்து வாசிக்கலாம். இதற்குப் பெயர் கிளினிக்காம்.

தாரணி ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து வந்ததும் அறைக்குள் இருந்து டிரம் பழகுவாள். ஃபிளாட்டில் உண்மையான டிரம் வைத்தால் மேல்வீடு, கீழ்வீடு எல்லாம் சண்டைக்கு வரும். ஆகவே ஒரு ரப்பர் பலகை. தட், தட், தட்... பிறகு ஒரு சின்னத் தயக்கம்... தட். நாலாவது அடிக்கு முன்னால் அவள் கை எப்போதும் கொஞ்சம் பிந்தும். குசினியில் நிற்கிற எனக்கே அது தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சொன்னால் கோபம் வரும். சொல்வதில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பெரிய சத்தம் எனக்கு ஆகாது. பள்ளிக்கூட வயதில் பாதி நாளைப் பதுங்குகுழிக்குள் கழித்தவள் நான். தீபாவளிக்குப் பக்கத்து லேனில் வெடி கொளுத்தினால் இப்போதும் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வேன். இப்படிப்பட்டவள் டிரம் கேட்கப் போகலாமா?

ஆனால் அவள் தனியே போக, வீட்டிலிருந்து பயப்படுவதைவிடக் கூடப் போய்ப் பயப்படுவது மேல் என்று தோன்றியது. போனேன்.

மண்டபம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஏறுவதற்கு ஒரேயொரு படிக்கட்டு. இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாத ஒடுக்கம். அயலவர்களுக்குச் சத்தம் போகக்கூடாதென்று யன்னல்களை அடைத்துக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். தாரணி முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

பக்கத்தில் தெஹிவளையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்மணி. ஃபரீதா என்று பெயர். தங்கைக்குத் துணையாக வந்தவர். காதில் பஞ்சு வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹேண்ட்பேக்கைத் திறந்தார்.

"உங்களுக்கும் வேணுமா? நெறய கொண்டாந்தீக்கிறேன்."

வாங்கி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன்.

வாசித்துக் காட்டவிருந்த கிளமென்ட் மேடைக்கு வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். மெலிந்த உடம்பு, கட்டம்போட்ட சேட். தேவாலயப் பாடகர் குழு, கலியாண வீட்டு பைலா, ஹோட்டலில் ஜாஸ், கோவில் திருவிழா இசைக்குழு, சிங்கள மேடை நிகழ்ச்சிகள்... எல்லாவற்றுக்கும் வாசிக்கிற மனிதர். மூன்று மொழியிலும் மாறி மாறிப் பேசினார்.

"எந்த வீட்டுக்குப் போறமோ அந்த வீட்டுப் பாஷையில பேசணும். டிரம்மும் அப்படித்தான்," என்றார்.

பிறகு வாசித்தார். கம்பியாலான பிரஷ் ஒன்றினால் டிரம்மின் தோலை மெல்லத் தடவியபோது, ஒரு டிரம்மால் இவ்வளவு மெதுவாகக் கதைக்க முடியுமா என்றிருந்தது. இறுகிப் பிடித்திருந்த என் கைகள் கொஞ்சம் தளர்ந்தன. இதுவும் ஒரு கச்சேரிதானே... இதற்கா இவ்வளவு பயந்தேன்?

அப்போது அவர் கேட்டார்: "யாராவது வந்து இன்னொரு டிரம்ல ஒரு சின்ன பீட் பிடிக்கிறீங்களா? அதுக்கு மேல நான் வாசிக்கிறேன்."

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மகளுடைய கை.

நாலாவது அடி... இத்தனை பேருக்கு முன்னால். அவள் ஏறினாள், டிரம்முக்குப் பின்னால் இருந்தாள், தொடங்கினாள். தட், தட், தட்... பிந்தியது. யாரோ சிரித்தார்கள். கிளமென்ட் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், தொடரச் சொல்லி.

அந்த நேரம் வெளியே வெடித்தது.

டிரம் சத்தம் வேறு, இது வேறு. நிலம் காலுக்குக் கீழே அதிர்ந்தது. லைற் எல்லாம் நின்றது. கும்மிருட்டு. யன்னல் துணிக்குப் பின்னால் நீலமாக ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. பிறகு எரிந்த மணம்.

ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த கொச்சிக்கடைத் தேவாலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறோம். அந்த இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், அப்படியொரு சத்தம் கேட்டால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? நான் எழுதத் தேவையில்லை.

"மொகத உனே, மொகத உனே?" என்ன நடந்ததென்று சிங்களத்தில் யாரோ கத்தினார். இன்னொரு குரல் "பொம்" என்றது. குண்டு. அந்த ஒரு சொல் போதும். கதிரைகள் சரிந்தன. முழு மண்டபமும் எங்கள் பக்கத்துக் கதவை நோக்கி வந்தது. அந்த ஒடுங்கிய படிக்கட்டை நோக்கி.

ஃபரீதா விழுந்தார். "அல்லாஹ்... கால் சிக்கிட்டு," என்ற குரல் என் முழங்காலுக்குக் கீழிருந்து கேட்டது. குனிந்து, கிடைத்த கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். ஆட்கள் எங்களை நசுக்கிக்கொண்டு போனார்கள். "தாரணி" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காதில் பஞ்சு. பிடுங்கி எறிந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

இருட்டுக்குள் டிரம் அடித்துக்கொண்டிருந்தது. பைலா. கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு எல்லோரையும் எழுப்பி ஆடவைக்கிற அதே துள்ளல். மைக் இல்லை, கரண்ட் இல்லை... கிளமென்ட் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த நேரத்தில் இந்த மனிதருக்கு விசரா?

ஆனால் கூட்டத்தில் ஏதோ மாறியது. கொழும்பில் பைலாவைக் கேட்டால் யாருடைய காலும் சும்மா இருக்காது. அதுவரை பாய்ந்த கால்கள் அந்தத் தாளத்துக்கு இறங்கின. யாரோ பழக்கதோஷத்தில் கைகூடத் தட்டினார். படிக்கட்டு வாசலில் ஒரு மனிதர் "ஹெமின், ஹெமின்," மெதுவாக, மெதுவாக என்று சொல்வது இப்போது எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொருவராக ஃபோனில் டோர்ச் போட்டார்கள்.

பிறகு இரண்டாவது டிரம் கேட்டது.

தட், தட், தட்... கொஞ்சம் பிந்தி... தட்.

எத்தனை மாலைகள் அந்தப் பிந்தலைக் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். உலகத்தில் வேறு யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். அவள் இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள்.

ஃபரீதாவை வாசலில் நின்ற மனிதரிடம் ஒப்படைத்தேன். "தங்கச்சிய பாருங்க, முன்னுக்கு இருந்தா," என்றார் ஃபரீதா. எல்லோரும் வெளியே போக, நான் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனேன். துணிவு என்று நினைக்காதீர்கள்.

ஃபரீதாவின் தங்கை மேடையோரம் குந்தியிருந்து, ஃபோன் வெளிச்சத்தை டிரம்களுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாரணி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். கன்னமெல்லாம் ஈரம். கிளமென்ட் என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் அக்கா. படியில ஆக்கள் இருக்காங்க," என்றார்.

மேடை விளிம்பில் உட்கார்ந்து மகளின் காற்சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஆள் இறங்கும் வரை அவர்கள் நிறுத்தவில்லை.

வெடித்தது தெருமுனையிலிருந்த டிரான்ஸ்போமர். அவ்வளவுதான். ஃபரீதாவின் கணுக்கால் வீங்கியிருந்தது. யார் யாருடையதோ செருப்புகள் படியெல்லாம் கிடந்தன. வேறு சேதம் இல்லை. அந்தப் படிக்கட்டில் எல்லோரும் ஒன்றாக விழுந்திருந்தால்? அதை நினைக்காமல் இருக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கீழே தேத்தண்ணிக் கடையில் கிளமென்ட் நின்றார். கையில் பிளேன்டீக் கிளாஸ்.

"உங்களுக்குப் பயமே வரேல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? கால் நடுங்குச்சு அக்கா. ரெண்டு காலும். சும்மா விட்டா நானும் ஓடியிருப்பேன். அதுதான் டிரம் பெடல்ல வச்சு அழுத்திட்டேன்." கொஞ்சம் குடித்தார். "ஓடாதீங்கன்னு கத்தினா யாரு கேப்பாங்க? ஒங்க மகளயும் நிப்பாட்டாம அடிக்கச் சொன்னேன். பாவம், அழுதுக்கிட்டே அடிச்சிச்சு."

"நாலாவது அடி பிந்துது," என்றாள் தாரணி, தானாகவே.

"அது பிறகு பாக்கலாம்," என்றார் அவர்.

புறக்கோட்டையில் ஏறிய பஸ்ஸில் சீற் கிடைக்கவில்லை. ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அவள் கேட்டாள்:

"கதவுக்குப் பக்கத்திலை தானே இருந்தனீங்கள். ஏன் அம்மா வெளியாலை போகேல்லை?"

"நீ அடிக்கிறது கேட்டது," என்றேன்.

அடுத்த நாள் காலை குக்கர் விசிலடித்ததற்கே துள்ளி விழுந்தேன். பயம் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். பயந்தால் ஓடக்கூடாதென்றும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஓடுங்கள். ஆனால் எந்தப் பக்கம் என்று, காதைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.