ஆள் இல்லாத ஸ்டுடியோவில் நாற்பத்தொரு நிமிஷம்

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. நம்பலைன்னா விடுங்க, நான் யார் கையையும் பிடிச்சு இழுக்கப் போறதில்லை. ஆனா ஒரு நிமிஷத்தைக்கூடக் கூட்டியோ குறைச்சோ சொல்லலை. இது சத்தியம்.

எங்க ஹார்லோ க்ரீக் ரேடியோ ஸ்டேஷனுக்கு அம்பது வயசு ஆனப்போ வரலாறுன்னு ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல முப்பத்தோராம் பக்கத்துல என் போட்டோ இருக்கு. கீழே 'கடைசி மூச்சு வரைக்கும் போனை வைக்காத எஸ்டில் நேப்பியர்'னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. அந்தப் பக்கம் முழுக்கப் பொய். அதை எழுதிக் கொடுத்ததே நான்தான். சொல்லவே நாக்கு கூசுது.

மத்த பக்கமெல்லாம் நிஜம். 1952-ல மேசை நாற்காலிக் கடை வெச்சிருந்த ஹோபர்ட் கால்வெல்தான் ஸ்டேஷனை ஆரம்பிச்சார். கடைக்கு மேல மாடியில ஒரே ஒரு மைக். சனிக்கிழமை காலையில நிலக்கரிச் சுரங்கத்து ஆளுங்க முகத்துல கரியோட பிடிலும் பேஞ்சோவும் தூக்கிட்டுப் படியேறுவாங்க. அந்த ஒரு மைக்கைச் சுத்தி நின்னு பாடுவாங்க. கென்டக்கி மலையில எங்க மாவட்டத்துக்குன்னு ஒரு குரல் வந்ததே அப்பதான். அப்புறம் மேட்டுமேல தனிக் கட்டடம் கட்டி அங்கே போயிட்டாங்க.

முதலாளி ஹோபர்ட்டுக்கு ஒரே ஒரு சட்டம். போன் மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்தாகணும். "எடுக்கலேன்னா உன் சீட்டைக் கிழிச்சுடுவேன்டா"ம்பார். காரணம் இருக்கு. ஆத்துல வெள்ளம் வந்தாலும் சரி, மாடு காணாமப் போனாலும் சரி, எங்க ஆளுங்க முதல்ல கூப்பிடறது ஸ்டேஷனைத்தான். ஷெரிஃப், போலீஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நான் நடத்தின நிகழ்ச்சி ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும். வீட்டோட முடங்கிக் கிடக்கறவங்களுக்கானது. படுக்கையில இருக்கறவங்க, தனியா இருக்கறவங்க போன் பண்ணுவாங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டு ஒரு பாட்டுக் கேப்பாங்க. அவங்க குரலும் ரேடியோவுல போகும். ஆறு மணிக்கு நான் ஸ்டேஷனை மூடிடணும். எங்களுக்குப் பகல் வெளிச்சம் இருக்கற வரைக்கும்தான் ஒலிபரப்ப லைசென்ஸ்.

வாரம் தவறாம கூப்பிட்டவங்க ஆர்மில்டா சைஸ்மோர். வயசு எழுபத்தொம்பது. லாரல் பள்ளத்துக் கடைசி வீட்டுல தனியா இருந்தாங்க. மக டிரீமா ஒஹையோவுல ஃபேக்டரி வேலை. ஆர்மில்டாம்மா வளவளன்னு பேசுவாங்க. நான் மைக்கை மூடிட்டுக் கொட்டாவி விடுவேன்.

1987 ஜனவரியில எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. கூடைப்பந்து சீசன். எங்க அக்கா மேவிஸ் வீட்டுல புது கலர் டிவி. எனக்கோ ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்கணும். என்ன பண்ணினேன் தெரியுமா? சனிக்கிழமை ராத்திரியே நிகழ்ச்சியை டேப்புல பதிஞ்சுட்டேன். நேயருங்க எழுதின பழைய லெட்டரெல்லாம் எடுத்துப் படிச்சுப் பதில் சொன்னேன். நடுவுல, "ஹலோ... ஆமாம்மா... உடம்பு எப்படி இருக்கு?"ன்னு யாருமே இல்லாத போன்ல நடிச்சேன். லைன்ல கோளாறு, கூப்பிடறவங்க குரல் வெளியே வராதுன்னும் டேப்புலயே சொல்லி வெச்சேன். ஞாயித்துக்கிழமை டேப்பை ஓட விட்டுட்டு ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சுட்டுக் கிளம்பிடுவேன். கூப்பிடறவங்களுக்கு பிஸின்னு வரும். பாவம் எஸ்டில், யார்கிட்டயோ பேசிட்டிருக்கான்னு நினைச்சுக்குவாங்க.

நாலு வாரம் யாரும் கண்டுபிடிக்கலை.

அஞ்சாவது வாரம். பிப்ரவரி எட்டாம் தேதி. காலையிலேர்ந்தே ஐஸ் மழை. ரோடெல்லாம் கண்ணாடி கணக்கா ஆயிடுச்சு. 'இன்னிக்கு ஒருநாள் ஸ்டேஷன்லயே இருப்போமே'ன்னு மனசு சொல்லுச்சு. கேக்கலை. நாலு மணிக்கு டேப்பை ஓட விட்டேன். 4:03-க்குக் கதவைப் பூட்டினேன்.

அக்கா வீட்டுல பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும். நானும் அக்கா புருஷன் வெர்லினும் டிவி முன்னாடி. அக்கா சமையலறையில ரேடியோ வெச்சிருந்தா.

5:09 இருக்கும். அக்கா வாசல்படியில வந்து நின்னா. கையில கரண்டி.

"டேய் எஸ்டில்... நீ ரேடியோவுல ஆர்மில்டாம்மாகிட்ட பேசிட்டிருக்கே."

"டேப்புக்கா."

"ஓ... மாப்ள ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்காரு, பெரிய சித்தருதான்!"ன்னு வெர்லின் சிரிச்சார்.

அக்கா சிரிக்கலை. "டேப்புன்னா, அஞ்சு நிமிஷமா அவங்க கீழே விழுந்துட்டேன்னு அழறாங்க. நீ எங்கே அடிபட்டுதுன்னு கேக்கறே. அவங்க சொல்றாங்க. டேப்பு எப்படிடா பதில் பேசும்?"

எழுந்து சமையலறைக்குப் போனேன்.

என் குரல். "பயப்படாதீங்கம்மா. இடுப்பா, காலா?"

"இடுப்புப்பா... கரி அள்ள வெளியே போனேன்... வழுக்கிடுச்சு... தவழ்ந்து வந்துட்டேன்... கணப்பு அடுப்பு அணைஞ்சுபோச்சு..."

"சரிம்மா. லாரல் பள்ளத்துப் பக்கம் யாராச்சும் இதைக் கேட்டுட்டிருந்தா, உடனே மண்வெட்டியை எடுத்துட்டுக் கிளம்புங்க."

நான் இதைப் பதியலை. சத்தியமா பதியலை.

என் வண்டிச் சாவியை எடுத்துட்டு ஓடினேன். ஸ்டேஷனுக்கு மூணே மைல்தான். ஆனா அந்த ஐஸ்ல ஆமை வேகம். வண்டி ரேடியோவைப் போட்டேன். போடாம இருக்க முடியலை.

5:21. என் குரல் அவங்க மகளைப் பத்திக் கேட்டுட்டிருந்துச்சு. ஆர்மில்டாம்மா பேசினாங்க. அந்தக் குரல் பொறுமையா கேட்டுட்டிருந்துச்சு. நடுவுல குறுக்கிடவே இல்லை. நிகழ்ச்சி நடத்தின எட்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

5:30. "குளிருதுப்பா"ன்னாங்க. "தெரியுதும்மா"ன்னுது என் குரல்.

5:36. அது பாட ஆரம்பிச்சுது. ஆத்தைக் கடந்து வீட்டுக்குப் போற பாட்டு, சாவு வீட்டுல பாடறது. மெதுவா... சுருதி கொஞ்சம்கூட விலகாம...

எனக்குப் பாடவே வராது.

5:43. ஸ்டேஷன். மேட்டுமேல ஐஸ். அதுல ஒரே ஒருத்தர் கால் தடம். நான் வெளியே போனது.

கதவு பூட்டியே இருந்துச்சு. சாவி ரெண்டு தடவை கீழே விழுந்துச்சு.

உள்ளே ஸ்பீக்கர்ல என் குரல். "இருக்கேம்மா... இங்கேதான் இருக்கேன்..."

ஸ்டுடியோ கதவுக்கு மேல சிவப்பு விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு.

கதவைத் தள்ளினேன்.

குரல் நின்னுடுச்சு.

யாரும் இல்லை...

5:45.

டேப் மெஷின் பாதியிலேயே நின்னிருந்துச்சு. மைக் திறந்திருந்துச்சு. நான் கீழே வெச்சுட்டுப் போன ரிசீவர் போன் மேல ஒழுங்கா உட்கார்ந்திருந்துச்சு. தொட்டேன். சுட்டுச்சு.

அங்கேயே தரையில உட்கார்ந்து அழுதேன். ஆர்மில்டாம்மாவுக்காக இல்லை. பயம். வெறும் பயம். திறந்திருந்த மைக் வழியா அந்த அழுகையும் ஊர் முழுக்கப் போயிருக்கு. அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

6:20-க்குப் போன் அடிச்சுது. முதல் மணியிலயே எடுத்தேன். முதலாளி.

"எஸ்டில்... லாரல் பள்ளத்துக்குப் பசங்க இப்பதான் போய்ப் பாத்தாங்கடா. ஆர்மில்டா போயிட்டாங்க. இடுப்பு உடைஞ்சதுகூடப் பெருசில்லையாம், குளிர்தான் கொன்னுடுச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி ஆள் போயிருந்தா பிழைச்சிருப்பாங்களாம். ஆனா நீ விடலையேடா... கடைசி வரைக்கும் கூட இருந்தியேடா." அந்தக் கிழட்டுச் சிங்கம் போன்லயே தேம்பித் தேம்பி அழுதுச்சு.

அப்பவே சொல்லியிருக்கணும், 'முதலாளி, நான் இங்கே இல்லை'ன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

ஒரு தடவை முழுங்கினா அப்புறம் முழுங்கிட்டே இருக்கணும். சாவு வீட்டுல எல்லாரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டிரீமா என் தோள்ல சாஞ்சு அழுதா. சர்ச்சுல எழுந்து நிக்க வெச்சுக் கைதட்டினாங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒஹையோவுலேர்ந்து டிரீமாவோட கார்டு வரும். 'அம்மாவைத் தனியா சாக விடாத என் அண்ணனுக்கு'ன்னு எழுதியிருப்பா. பதினஞ்சு கார்டு. எல்லாத்தையும் டிராயர்ல போட்டுப் பூட்டி வெச்சேன்.

உண்மை அக்காவுக்கும் வெர்லினுக்கும்தான் தெரியும். வெர்லின் வெளியே யார்கிட்டயும் சொல்லலை. அக்கா மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டா. "தூக்கம் வருதாடா உனக்கு?" அதுக்கப்புறம் அவ என் முகத்தைப் பாத்து ஒரு நாளும் சிரிச்சதில்லை.

2002. அம்பதாம் ஆண்டு விழா. புத்தகம் வெளியிட்டாங்க. எனக்குப் பதக்கமெல்லாம் குத்தி மரியாதை பண்ணினாங்க. பகல் ரெண்டரை மணி. நல்ல வெயில். டிரீமா வந்திருந்தா. முகம் சரியில்லை.

"அண்ணே, கொஞ்சம் கார் வரைக்கும் வாங்க."

போய்ப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்தேன். அவ கையில ஒரு கேசட்.

"நான் கேக்கணும்னு அம்மா உங்க நிகழ்ச்சியைப் பதிஞ்சு அனுப்புவாங்க. ரேடியோ பக்கத்துல ரெக்கார்டரை வெச்சு அமுக்கி விட்டுடுவாங்க. கடைசி கேசட் அந்த மெஷினுக்குள்ளயே இருந்திருக்கு. வீட்டை விக்கறதுக்காக ஒழிச்சப்போ, போன மாசம்தான் கிடைச்சுது. கேளுங்க."

அமுக்கினா.

ரேடியோவுல நான். "ஹலோ... ஆமாம்மா... உடம்பு எப்படி இருக்கு?" அந்த நடிப்பு.

அப்புறம் கதவு திறக்கற சத்தம். தரையில எதையோ இழுக்கற மாதிரி... முனகல்... பக்கத்துல வந்துச்சு.

போன் சக்கரம் சுத்தற சத்தம். ஏழு நம்பர். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. ரிசீவரை வெக்கற சத்தம். மறுபடி ஏழு நம்பர். மறுபடி வெச்சாங்க. நான் எண்ணினேன். ஆறு தடவை. ஆறு தடவையும் பிஸி. அதைப் பண்ணி வெச்சது நான்.

ரேடியோவுல நான் சொல்றேன். "போன் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கேன். கூப்பிடுங்க..."

அதுக்கப்புறம் அவங்க சுத்தலை. விசும்பல் மட்டும்.

டொக்.

ரேடியோ நின்னுடுச்சு. அந்த வீட்டுல நாற்காலியை இழுத்துப் போடற சத்தம்.

"சொல்லுங்கம்மா."

என் குரல். ரேடியோவுலேர்ந்து வரலை. போன்லேர்ந்தும் வரலை. அந்த அறைக்குள்ளேயே... அவங்க பக்கத்துலயே...

மூச்சு மட்டும்.

அப்புறம் ஆர்மில்டாம்மா பேசினாங்க. மெதுவா, தெளிவா. ஊர்ல யாரும் ரேடியோவுல கேக்காத பேச்சு.

"நீ எஸ்டில் இல்லையேப்பா."

நாற்காலி லேசா கிறீச்சிடற சத்தம்.

"எஸ்டில் நாலு வாரமா அங்கே இல்லை. எனக்குத் தெரியும். எப்பவோ லெட்டர்ல நான் எழுதினதுக்கே மறுபடி மறுபடி பதில் சொல்றான். சின்னப் பையன், போயிட்டுப் போறான்னு யார்கிட்டயும் சொல்லலை... நீ யாருப்பா?"

என் குரல் சொல்லுச்சு.

"அவன் இருக்க வேண்டிய இடத்துல இருக்கேம்மா."

டிரீமா அமத்தினா. என் சட்டையில இன்னும் விழாவுல குத்தின பதக்கம்.

"இது நீங்க இல்லை" அப்படின்னா.

"இல்லைம்மா."

"அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

பதினஞ்சு வருஷமா எனக்கு நானே ஆயிரம் பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன்.

"கூடைப்பந்து மேட்ச் பாத்துட்டிருந்தேன்" அப்படின்னேன்.

அவ கேசட்டை எடுத்துத் துணியில சுத்திப் பைக்குள்ள வெச்சா.

"எங்கம்மா கையைப் பிடிச்சுட்டிருந்தது யாருன்னு தெரியலை. யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கட்டும்" அப்படின்னா. "நீங்க இறங்குங்க."